கடலைக்காட்டு மண்

நான் வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணைக்குப் போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். செடி வாங்க வரவில்லை. வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெளிநாட்டுப் பல்லி வளர்க்கிறானாம். அதற்கு அடியில் விரிக்க எது நல்லது, எது விலை குறைவு என்று கேட்டான். கையில் போன், போனில் நீளமாக ஒரு பட்டியல். தென்னை நார்த்தூள், மணல், மரத்தூள், பழைய பேப்பர் என்று ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றிலும் என்ன குறை என்பதையும் அவனே சொன்னான். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு நார்த்தூள் கட்டியை எடுத்துக்கொண்டு, "அண்ணனுக்கு இதப் பத்தி ஏதாச்சும் தெரியுமா?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

அது பொய். அவன் பட்டியலில் இருந்ததில் பாதிக்கு மேல் நான் ஒன்பது வயதிலேயே விரித்துப் பார்த்துவிட்டேன். பட்டியலில் இல்லாத மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வாய் வராது என்பது வண்டிப்பெரியாரில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அவன் புதியவன், அதனால் கேட்டுவிட்டான். பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு அன்று முழுவதும் அந்த ஆமையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமையை என்றால், ஆமையை மட்டும் அல்ல.

நாங்கள் அப்போது பீர்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா பாக்டரியில் டிரையரில் வேலை. இலை காய்ந்து விழும் அந்தப் பெரிய இயந்திரத்தின் சத்தத்தில் பகல் முழுக்க நிற்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் பேசிப் பயனில்லை என்பது போல இருப்பார். சோறு வேண்டுமென்றால் தட்டைக் கொஞ்சம் தள்ளுவார். நானும் என் தட்டைத் தள்ளுவேன். இரண்டு பேரும் ஒரு சொல் இல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று புகை வருவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்வாள்.

எங்கள் பங்குச் சாமியார் அதற்கு முன்பு பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில் இருந்தவர். அங்கே வயது கடந்துகொண்டிருந்த ஒரு பெண் இருப்பதாகவும், இங்கே ஒரு வீட்டில் சத்தமே இல்லாமல் இருப்பதாகவும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம் நடந்தது. அப்பா அதற்கும் தலையை மட்டும்தான் ஆட்டினார் என்று நினைக்கிறேன்.

சித்தி வந்த அன்று ஒரு தகரப் பெட்டியும், வாய் துணியால் கட்டிய ஒரு பனையோலைக் கூடையும் கொண்டு வந்தாள். பெட்டியை அப்பா தூக்கினார். கூடையை யாரிடமும் கொடுக்கவில்லை. லயத்துப் பெண்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். பெரியம்மாதான் முதலில் கேட்டாள்.

"கூடையில என்னத்தா, கோழியா?"

"இல்லீங்கக்கா. ஆமைங்க."

பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆமையா! கல்யாணம் ஆகி முதமுதல்ல வாற வீட்டுக்கு யாராவது ஆமையத் தூக்கிட்டு வருவாகளா? குடும்பத்துக்கு ஆகாதுட்டி."

"அதா வந்து நுழைஞ்சாத்தானுங்க ஆகாது. இது நான் தூக்கிட்டு வந்ததுங்களே" என்று சித்தி சிரித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் 'ஏனுங்க', 'வாங்க', 'இல்லீங்க' என்று அவளைப் போலப் பேசி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பேச்சு திருநெல்வேலியிலிருந்து எப்போதோ மலையேறி வந்த பேச்சு. நாய்க்கும் பூனைக்கும்கூட மரியாதை கொடுத்துப் பேசும் ஒரு மனுஷியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆமை இரண்டு கை சேர்த்து ஏந்தும் அளவுக்கு இருந்தது. முதுகு முழுக்கக் கறுப்பு, அதில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக. அவளுடைய தம்பி சிறுபிள்ளையாக இருந்தபோது கடலைக் காட்டில் ஏர் ஓட்டுகையில் கிடைத்ததாம். கோழிகளோடு கோழியாக வாசலில் வளர்ந்ததாம். இன்று அப்படி ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறையில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

முதல் நாள் அவள் என்னைக் "கண்ணு" என்று கூப்பிட்டபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

அவள் வந்த பிறகு வீட்டில் பேச்சு வந்தது. எல்லாம் அவள் பேச்சுதான். அடுப்போடு பேசுவாள், ஆமையோடு பேசுவாள், பதில் வராது என்று தெரிந்தும் அப்பாவோடு பேசுவாள். "ஏனுங்க, இன்னிக்குக் கொழம்பு எப்படீங்க?" என்பாள். அப்பா தட்டைத் தள்ளுவார். "நல்லா இருக்குதாமா கண்ணு, தட்டு சொல்லுது" என்று என்னிடம் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வரும். அப்பாவுக்கும் ஒரு தடவை வந்தது. நான் பார்த்தேன்.

ஜூன் மாதம் மழை பிடித்தது.

பீர்மேட்டு மழையைத் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மழை பெய்யாத நேரத்திலும் எதுவும் காயாது. மேகம் வாசல் வழியாக வந்து அடுப்படி வழியாகப் போகும். தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால்தான் குச்சி பற்றும். வெயில் ஊரிலிருந்து வந்த சித்தி, இரண்டு சேலையை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, அப்பாவின் பழைய கம்பளியையும் போர்த்திக்கொண்டு, நிலைப்படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்க ஒன்றும் இருக்காது. வெள்ளையாக இருக்கும்.

ஆமை ஒரு மூலையில் சாக்கின்மேல் கிடந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் இரண்டு நாளைக்கு வெளியே நீட்டாது. ஒரு நாள் அதன் மூக்கில் சிறு குமிழி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. சித்தி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த நாள் குழாயடியில் நான் குடத்துக்காக நின்றபோது, அவளும் பெரியம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வெயிலு எப்பங்கக்கா அடிக்கும்?"

"ஓணம் கழியட்டும்."

"அதுக்கு இன்னும் எத்தன நாளு கெடக்குதுங்க!"

"ஒன் ஆம எப்படி இருக்கு?"

"சளி புடிச்சிருக்குதுங்க. இது போச்சுன்னா நானும் போயிருவனுங்கக்கா. இதுக்கு ஆகாத குளிரு எனக்கு மட்டும் ஆகுமுங்களா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தாள். குடம் நிரம்பி வழிந்து என் காலெல்லாம் தண்ணீர் ஓடியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. போய்விடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒருத்தி போயிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த ஆமையை உயிரோடு வைத்திருப்பது என் வேலை ஆயிற்று. ஆமைமேல் எனக்குப் பெரிய பாசம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் அதன் முகம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

முதலில் அப்பாவிடம் கேட்டேன். நான் அவரிடம் ஒன்று கேட்பது அபூர்வம் என்பதாலோ என்னவோ, மறுநாளே பாக்டரியிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக் கொண்டு வந்தார். பிளைவுட் பெட்டி. ஓரமெல்லாம் தகரம், உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தை அறுத்து வாசல் வைத்தார். வீடு தயார். இனி உள்ளே என்ன விரிப்பது என்பதுதான் கேள்வி. ஈரம் கூடாது, சூடு வேண்டும், செலவு கூடாது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சாக்கு இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்து நாறியது. ஓடைக்குப் போய் மணல் அள்ளி வந்தேன். மணல் என்றால் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்தும் அது கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக உருண்டது.

அடுத்தது பேப்பர். தோட்டத்தில் பேப்பர் வாங்குகிற ஆள் டாக்டரும் மானேஜரும்தான். அவர்களிடம் போய்க் கேட்க எனக்கு வாய் ஏது? கோயிலில் மாதாமாதம் கொடுக்கும் பத்திரிகை மட்டும் எங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தது. அதைப் பிரித்து விரித்தேன். ஆமை கால் வழுக்கி வழுக்கி, நீந்துவது போல ஒரே இடத்தில் கிடந்தது. அன்று பார்த்துக் கோயில் உபதேசியார் ஜெபம் சொல்ல வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆமை மூத்திரம் பெய்திருந்த இடத்தில் ஒரு புனிதருடைய படம் இருந்தது. உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் ஆமையைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதையும் ஒரு பாவமாகச் சொன்னபோது, சாமியார் கொஞ்ச நேரம் இருமினார். அது சிரிப்பு என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

பிறகு ஆசாரி வேலை செய்யும் கொட்டகையிலிருந்து மரத்தூள். லயத்தில் எல்லாரும் அடுப்பெரிக்க வாங்குவதுதான், ஆகையால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்க மெத்தையாக இருந்தது. சித்தியும் "ராசா ஊடு மாதிரி இருக்குதே!" என்றாள். ஆனால் ஆமையின் மூக்குச் சளியில் தூள் ஒட்டி இறுகி, அது வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தது. சித்தி ஊசி முனையால் அந்தத் தூளை எடுத்தாள்.

நான் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான்.

பாக்டரிக்குப் பின்னால் கழிவுத் தேயிலை குவித்திருப்பார்கள். இலையின் நரம்பும் காம்பும் நாரும் சேர்ந்த கழிவு. பஞ்சு போல இருக்கும். டிரையரிலிருந்து வந்தது, அதைவிடக் காய்ந்த பொருள் அந்த மலையிலேயே கிடையாது. குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தால் உள்ளே சூடாகக்கூட இருந்தது. இதை எப்படி இத்தனை நாள் யோசிக்காமல் இருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வாட்ச்மேன் பீடி பற்ற வைக்கத் திரும்பிய நேரத்தில், சட்டையைப் பையாகப் பிடித்து அள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பெட்டி நிறைய விரித்தேன். ஆமை உடனே அதற்குள் முங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று பெரியம்மா வீட்டுக்கே போய், யாரும் கேட்காமலே, "ஆமை தூங்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கழிவை யாரும் அள்ளிப் போய் நல்ல தூளில் கலந்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக, அதில் சுண்ணாம்பைக் கலந்துதான் கொட்டுவார்கள். பாக்டரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்பாவுக்குத் தெரியும். அப்பா என்னிடம் சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை. குவியலின் சூடு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் ஆமையின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கழுத்துத் தோலும் கால் இடுக்கும் சிவந்து வெந்திருந்தன. சித்தி வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து, ஈயக் கும்பாவில் ஆமையை உட்கார வைத்துக் கழுவினாள். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினாள். அன்று கொழுந்து கிள்ளும் வேலைக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி மடியில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது பெட்டிக்குள் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியை வெளியே தூக்கிக் கொண்டு போய்த் தட்டிக் கொட்டி, துணியால் துடைத்து, திரும்பக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை போல இருந்தது.

"இங்க வா கண்ணு" என்றாள் சித்தி. "நீ நல்லதுக்குத்தானே பண்ணுன. இது ஒண்ணும் ஆகாது. இதுக்கு ஓடு கெட்டி."

அப்போதுதான் அவளிடம் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

"ஒங்க ஊர்ல இதுக்குக் கீழ என்ன விரிச்சிருந்தீக?"

"விரிக்கறதா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் விரிக்கலையே. மண்ணுதான். கடலக்காட்டு மண்ணு. வெயில்ல காஞ்சு கெடக்கும், பொலபொலன்னு. அதுல பாதி ஒடம்பப் பொதச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு..." அதோடு நிறுத்திவிட்டாள். பிறகு ஆமையைத் தடவிக்கொண்டே, "அது எதுக்கு இப்ப" என்றாள்.

அன்று முழுக்க எனக்கு அந்த மண்ணே நினைவாக இருந்தது. மண் வேண்டும். எங்கள் மலை மண் அல்ல, அவள் ஊர் மண். அது இங்கே வர என்ன வழி என்று யோசித்தபோது, தினமும் அந்த ஊரிலிருந்து ஒரு வண்டி எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

எங்கள் ஜில்லாவில் பாதிக் கள்ளுக்கடைக்குக் கள் சித்தூர்ப் பக்கத்துத் தென்னையிலிருந்துதான் வரும். கேன் கேனாக வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் கள்ளுக்கடை. கேன் இறக்குகிற நேரம் பார்த்துப் போய் நான் எதிரே உள்ள கலுங்குப் பாலத்தில் நின்றேன். முதல் நாள் நின்றுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் டிரைவரே கூப்பிட்டார். மீசையும் தலைப்பாகையுமாகத் தாட்டியான ஆள்.

"ஏனுங்க தம்பி, மூணு நாளா நிக்கறீங்களே. உங்கப்பாவுக்கா, உங்களுக்கா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த 'ஏனுங்க' மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் ஓடியிருப்பேன்.

"மண்ணு வேணும்" என்றேன்.

"என்னது?"

"கடலக்காட்டு மண்ணு. ஒங்க ஊரு மண்ணு. ஒரு சாக்கு."

அவர் சுற்றிலும் இருந்த மலையைப் பார்த்தார். "இத்தா பெரிய மலையில மண்ணு தீந்து போச்சுங்களா?" இன்னொரு சிரிப்பு எழுந்தது. நான் ஆமையைப் பற்றிச் சொன்னேன். சித்தியைப் பற்றிச் சொன்னேன். எந்த ஊர், யார் வீடு என்று கேட்டார், சொன்னேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அட, எங்கூருக்கு அடுத்த ஊருதான் அது. அந்தப் புள்ளயா இங்க வந்திருக்குது?" என்றார். கொண்டு வருவதாகச் சொன்னார்.

நான்கு நாள் மறந்தார். நான்கு நாளும் "அடடா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் கேன்களுக்கு இடையிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். என்னிடம் கொடுக்க என்ன இருந்தது? வேலியில் காய்த்த பாஷன் பழம் நான்கு கொடுத்தேன். ஒன்றை அங்கேயே உடைத்துச் சாப்பிட்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. பாதிச் சாக்கு என்றாலும் என்னால் தூக்க முடியவில்லை. இழுத்தும் உருட்டியும் மதியத்துக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. சாக்கை அவிழ்த்தேன். வெளிர்ச் சிவப்பாக, மாவு போல இருந்தது. விரலை விட்டால் விரலில் ஒட்டவில்லை. கள் வாசனை கொஞ்சம், அதற்கடியில் வேறொரு வாசனை. சுட்ட வாசனை மாதிரி. வெயிலின் வாசனை அது என்று நானே முடிவு செய்துகொண்டேன். காய்ந்த கடலைக் கொடி, ஒரு சின்ன நத்தை ஓடு, நான்கைந்து ஆட்டுப் புழுக்கை எல்லாம் அதில் இருந்தன. ஒன்றையும் எடுத்துப் போடாமல் அப்படியே பெட்டியில் கொட்டினேன். பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி, ஆமையை மேலே வைத்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலை வந்தது. வீக்கம் முழுதும் வடியாத கண்ணோடு அது மூக்கை மண்ணில் வைத்தது. முன்னங்காலால் ஒரு தரம் வாரியது, இன்னொரு தரம் வாரியது. அப்புறம் யாரோ அவசரமாகக் கூப்பிட்டது போலப் பரபரவென்று தோண்டி, பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டது. அவள் சொன்ன மாதிரியே.

சாயங்காலம் சித்தி கொழுந்துக் கூடையோடு, மழைக்குக் கட்டிய படங்கு நனைந்து இடுப்பில் தொங்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பெட்டியை அவள் இன்னும் பார்க்கவில்லை. வாசனைதான் முதலில் போயிருக்க வேண்டும். கூடையை இறக்காமலே உள்ளே வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு கை மண்ணை அள்ளி, விரல் இடுக்கு வழியாக மெதுவாக விட்டாள். திரும்ப அள்ளினாள். மண்ணோடு ஒரு கடலைக்காய் வந்தது. அறுவடையில் தப்பியது. அதை உடைத்தாள். உள்ளே இரண்டு பருப்பு சுருங்கிக் கிடந்தன. ஒன்றை எனக்குக் கொடுத்து, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லவில்லை.

"ஏது கண்ணு இது?"

சொன்னேன்.

என் தலையைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். படங்கிலிருந்து தண்ணீர் என் முகத்தில் வழிந்தது. அது படங்குத் தண்ணீர்தான் என்று நினைத்தேன்.

அன்று அவள் பேசிய மாதிரி எப்போதும் பேசினதில்லை. கடலை பிடுங்குகிற காலத்தில் காட்டிலேயே சோறாக்குவது, கிணற்றில் தம்பிக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தது, பனைமரத்தில் காற்று அடிக்கிற சத்தம், அவளுடைய அம்மா மத்தியான வெயிலில் வாசலில் மிளகாய் காயப்போட்டுவிட்டுக் காக்காயை விரட்டுவது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் பளபளவென்று இருந்தது. கம்பளியைக்கூட எடுத்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமை பிழைத்துக்கொள்ளும். இனி அவள் எங்கும் போக மாட்டாள்.

அப்பா வேலை முடிந்து வந்தார். பெட்டிக்குள் இருந்த மண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பேச்சை நிறுத்தாமல் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவ வெளியே போனபோது, என்னைப் பின்னால் வரும்படி கையைக் காட்டினார்.

"இத ஏம்லே கொண்டாந்த?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வீடு அழுக்காகிறது என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து, "நான் தெனமும் கூட்டிருவேம்ப்பா" என்றேன். அவர் என் தோளில் ஈரக் கையை வைத்தார்.

பத்து நாளில் ஆமை நடமாட ஆரம்பித்தது. செம்பருத்திப் பூ போட்டால் கழுத்தை நீட்டித் தின்றது. மூக்கில் குமிழி இல்லை. சித்தி மட்டும், வேலை விட்டு வந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பேச்சு குறைந்துவிட்டது. அப்பாவும் நானும் தட்டைத் தள்ளினால், அவளும் பேசாமல் சோற்றை வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தகரப் பெட்டியை எடுத்து வைத்தாள். பனையோலைக் கூடைக்குள் ஆமையை வைத்து வாயைத் துணியால் கட்டினாள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பெரியம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. எங்களுக்குக் கடிதம் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கோட்டயம் பஸ் வருகிற வரைக்கும் மூன்று பேரும் குடையின் கீழ் நின்றோம்.

"வந்தர்றனுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையாட்டினார். என்னிடம் குனிந்து, "நல்லாச் சாப்பிடு கண்ணு" என்றாள். பஸ் திரும்புகிற வரைக்கும் அவளுடைய கை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. மழை அந்தக் கையில் பெய்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது, ஆமை நன்றாக இருப்பதாக. அதற்கு அடுத்த வருடம் அதுவும் இல்லை. அப்பா கூப்பிடப் போகவில்லை, அவளைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொன்னதும் இல்லை. யாராவது கேட்டால் "அவளுக்கு இங்க குளிருதுல்லா" என்பார். என்னைக் கண்ணு என்று அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. எனக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. சந்தையில் யாராவது ஒரு பெண் தன் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் இன்றும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

ஆனால் அவள் ஊருக்குப் போன புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாதே. மண் போதவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அரைச் சாக்கு மண் அவ்வளவு பெரிய பெட்டிக்கு எப்படிப் போதும்? ஆமைக்கு முழு உடம்பையும் புதைக்க வேண்டும் என்று இருந்திருக்கும். அவளுக்கும் இரண்டு கையாலும் அள்ள வேண்டும் என்று இருந்திருக்கும். நிறைய மண் கொட்டி வைத்துவிட்டால், கேள்விப்பட்டு வந்துவிடுவாள். பாஷன் பழம் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனேன்.

டிரைவர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சாக்கு மண்ணு வேணும். இந்தத் தடவ முழுச் சாக்கு" என்றேன்.

அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமதான் ஊரு வந்து சேந்துருச்சே தம்பி. போன வாரம் எங்க சந்தையில உங்க சித்தியப் பார்த்தனே."

"சித்தி வாறப்ப வேணும்."

கடைக்காரர், "என்னப்பா, பையன் என்ன கேக்கான்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க. அரச் சாக்கு மண்ணக் கொண்டாந்து போட்டேன், ஒருத்தி எந்திரிச்சு ஊரு வந்து சேந்துட்டா. இவுரு முழுச் சாக்குக் கேக்கறாரு. கொண்டாந்து போட்டா அப்பனும் மகனும் கெளம்பி வந்துருவாங்களாட்ட இருக்குது!"

கடை முழுக்கச் சிரித்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நானும் சேர்ந்து சிரித்தேன், அப்படிச் சிரித்தால் மண்ணைச் சீக்கிரம் கொண்டு வருவார் என்று.